ஒரு நாள் படகுப் பயணத்திற்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

காஞ்சிபுரத்துப் பெண்களுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரேனும் கேட்டால் அவர் மேல் குற்றமில்லை. நமக்குப் பாலாறு உண்டு; ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அதில் மணல்தான் ஓடுகிறது. வேகவதியும் அப்படியே. அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளிவரும் அனந்தசரஸ் குளத்தில் தெப்பம் மிதப்பதைக் கரையில் நின்று கண்டதுண்டு. அதற்கு மேல் தண்ணீரோடு எங்களுக்குப் பழக்கம் இல்லை. எங்கள் வகுப்பில் 44 பேர். அவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூவரிலும் ஒருத்தி தன் பாட்டி வீட்டுக் கிணற்றில் மட்டும்தான் நீந்துவாளாம்.

இப்படிப்பட்ட எங்களைத்தான் சென்ற ஆண்டு தை மாதம், நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பிச்சாவரத்திற்கு இன்பச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். முப்பது மாணவியர், சிஸ்டர்கள் இருவர், எங்கள் பி.டி. மிஸ். முந்தின நாளே புறப்பட்டு, இரவு கடலூரில் ஒரு கன்னியர் மடத்தில் தங்கி, விடியற்காலையில் பிச்சாவரம் போவது என்று ஏற்பாடு. படகில் கொண்டு போகும் பொருள்களைச் சேகரித்துக் கட்டும் பொறுப்பு எங்கள் இருவரிடம் விடப்பட்டது. "நீங்க ரெண்டு பேரும்தான் ஒழுங்கா லிஸ்ட் போடுவீங்க" என்று சிஸ்டர் சொன்னபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் போட்ட பட்டியலில் எது சரி, எது பிசகு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது. பிச்சாவரம் சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இரு முகத்துவாரங்களுக்கு இடையே இருக்கிறது. ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் சதுப்பு நிலக் காடு. அதில் 51 சிறு தீவுகள். தீவுகளுக்கு இடையே கணக்கற்ற ஓடைகள். சுரபுன்னை மரங்கள் முட்டுக்கட்டை கொடுத்தாற்போல் வேர்களை வளைத்து ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல் நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை மூச்சு விடும் வேர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காடு தன் பின்னால் இருந்த சிற்றூர்களுக்கு அரணாக நின்றது. 2022-இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

பெரிய விசைப்படகு இந்தக் குறுகிய ஓடைகளுக்குள் நுழைய முடியாது. துடுப்புப் படகுதான் போகும். மேலை நாட்டார் 'கனோ' என்று சொல்வது இதைப் போன்ற ஒடுங்கிய சிறு தோணியைத்தான். அந்தச் சொல் கரீபியன் தீவுகளின் பூர்வகுடி மக்களுடையது. கொலம்பஸ் காலத்தில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்றது. நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் போய் 'கேட்டமரான்' ஆனதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோணியோ கனோவோ, அதன் குணம் ஒன்றே: கூரை இல்லை, இடம் இல்லை, அசைந்தால் ஆடும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் மூட்டை கட்ட வேண்டும்.

பைக்குள் போவதை விட உடம்பின் மேல் இருப்பது முக்கியம் என்பதால் உடையிலிருந்து தொடங்குகிறோம். எங்கள் தோழி ஒருத்தி புகைப்படத்தில் அழகாக விழ வேண்டும் என்று பட்டுப் பாவாடை கொண்டு வருவதாக இருந்தாள். காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு இப்படி ஒரு யோசனையா! அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. உப்பு நீர் பட்டால் வெள்ளி கறுத்துப் போகும். ஆனால் பட்டு வேண்டாம் என்பதற்குச் சரிகை மட்டும் காரணம் அல்ல. சேலை, தாவணி, நீளப் பாவாடை ஆகியவை தண்ணீரில் நனைந்தால் கனத்து, காலைச் சுற்றிக்கொள்ளும். கால் அசையாவிட்டால் நீந்தத் தெரிந்தவளும் தவிப்பாள். ஜீன்ஸ் துணியும் நீரைக் குடித்துக் கல்லாகிவிடும். ஆகவே மெல்லிய துணியில் தைத்த சுடிதார், முழங்கால் வரை மட்டும் நீளும் மேல்சட்டை, துப்பட்டா இல்லாமல் என்று முடிவு செய்தோம். துப்பட்டா இல்லாமல் எப்படி என்று இரண்டு வீடுகளிலிருந்து ஆட்சேபம் வந்தது. "அதுக்கு மேல லைஃப் ஜாக்கெட் போடுவாங்க அம்மா, அதை விடப் பெரிய துப்பட்டா எது?" என்று சிஸ்டர் பதில் சொன்னதும் ஆட்சேபம் நின்றது. சிஸ்டர்களுடைய உடையைப் பற்றி நாங்கள் எதுவும் எழுதப் போவதில்லை. இருவரில் ஒருவர் கடற்கரை ஊரில் பிறந்தவர். எங்கள் எல்லோரையும் விட நன்றாக நீந்துவார்.

காலுக்குப் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு வேண்டும். ஹவாய் செருப்பு சேற்றில் உருவிக்கொண்டு போய்விடும். வெறுங்காலும் ஆகாது, வேர்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தியைப் போல் அறுக்கும். கொலுசு, வளையல், தொங்கும் கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். தொப்பியில் ஒரு நாடா தைத்து முகவாய்க்குக் கீழே கட்டிக்கொள்ளுங்கள். காற்று வீசும்போது ஒரு கையால் தொப்பியைப் பிடித்தால் ஒரு கையால் துடுப்புப் போட முடியாது. குடை கொண்டு வந்தவளைப் படகோட்டி ஏற விடவில்லை. "பாய்மரம் கட்டியா போறோம் பாப்பா?" என்று கேட்டார்.

இனி லைஃப் ஜாக்கெட். இது நாம் எடுத்துச் செல்லும் பொருள் அல்ல, படகுத்துறையில் கொடுப்பார்கள். ஆயினும் பட்டியலில் முதல் வரியாக இதையே எழுத வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தில் வடோதரா நகரின் ஹர்ணி ஏரியில், எங்களைப் போலவே பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள் 12 பேரும் அவர்களுடைய ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பலர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பெற்றோர் சிலர் எங்களை அனுப்பவே தயங்கினார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானதுதான்.

லைஃப் ஜாக்கெட்டுக்குள் இருப்பது தண்ணீரை உறிஞ்சாத நுரைப் பலகை. அது நம்மைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், நாம் கீழே போவோம். போட்டுக்கொண்டு எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, பக்கத்தில் நிற்பவளை இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு அல்ல. வேறு கேட்டு வாங்குங்கள். வாடை அடிக்கிறது, முடி கலைகிறது என்று கழற்றக் கூடாது. வாடை அடித்தது உண்மைதான்.

அடுத்தது பை. இதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு. எங்களில் ஒருத்தியின் அப்பா பட்டு நெசவாளர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நின்றுவிடும். அந்த நேரத்தில் முடித்த சேலையை சொசைட்டிக்குக் கொண்டு போவது பெரிய பாடு. அப்பா முதலில் சேலையை வெள்ளைத் துணியில் சுற்றுவார். அதைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை நான்கு மடிப்பாகச் சுருட்டிக் கட்டுவார். அதை இன்னொரு உறைக்குள் தலைகீழாகப் போட்டு மறுபடியும் அப்படியே சுருட்டிக் கட்டுவார். "ஒரு வாசல் வழியா வந்த தண்ணிக்கு ரெண்டாவது வாசல் எதிர்ப்பக்கம் இருக்கணும்" என்பது அவர் கணக்கு. நாங்களும் அதையே செய்தோம். புதிதாகப் பிளாஸ்டிக் வாங்கவில்லை. மளிகைக் கடையில் அரிசி வந்த கெட்டி உறைகளைக் கேட்டு வாங்கிக் கழுவி எடுத்துக்கொண்டோம். உள்ளே பழைய செய்தித்தாளை வைத்துக் கட்டி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடித்தோம். பிரித்தபோது தாள் காய்ந்திருந்தது. நீங்களும் புறப்படும் முந்தின இரவே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

இப்படி இரண்டு பெரிய பைகள். ஒன்றில் மாற்றுத் துணிகள், துவாலைகள். மற்றொன்றில் முதலுதவிப் பெட்டி, மருந்துகள், சிஸ்டரின் கைப்பேசி, பணம். பைகளைப் படகின் நடுவில் அடியில் வைத்துக் குறுக்குப் பலகையோடு கயிற்றால் கட்டிவிட வேண்டும். நடுவில், அடியில் என்பதற்குக் காரணம் ஈர்ப்பு மையம். அது தாழ்ந்திருந்தால் படகு ஆடாது என்று அறிவியல் பாடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டோம். கட்டுவது, படகு சாய்ந்தால் பை மிதந்து போகாமல் இருப்பதற்கு. ஆனால் எந்தப் பையையும் கயிறு போட்டு உங்கள் மேல் கட்டிக்கொள்ளாதீர்கள்.

உணவு விஷயத்தில் காஞ்சிபுரத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தார இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் நம் கோயில் இட்லியைப் போல் வழிப்பயணத்துக்கு ஏற்ற பண்டம் வேறு கிடையாது. சட்னி வேண்டாம், சாம்பார் வேண்டாம், கையில் பிடித்துத் தின்னலாம். இல்லாவிட்டால் புளியோதரை. தேங்காய் அரைத்த எதுவும் வெயிலில் நண்பகலுக்குள் கெட்டுவிடும். பொட்டலங்களை மஞ்சள் பையில் போட்டு, இலையும் தாளும் திரும்பி வர இன்னொரு காலிப் பை எடுத்துக்கொண்டோம். 2019 முதல் நம் மாநிலத்தில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டிருந்தும், சுரபுன்னை வேர்களில் எங்கிருந்தோ வந்த பிளாஸ்டிக் உறைகள் மாட்டிக்கொண்டு ஆடுகின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

சுற்றிலும் தண்ணீர்; ஒரு வாய் குடிக்க முடியாது. எல்லாம் உப்பு. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் எவர்சில்வர் பாட்டிலில் கட்டாயம் வேண்டும். நிழலில்லாத இடத்தில் வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துத் தனியாக வைத்திருந்தோம். நல்ல தண்ணீர் மிச்சம் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தக் காட்டில் தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடிக்காமல் இருப்பதே நல்லது. தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நாங்கள் சரியாகச் செய்தவை. இனிச் சொல்லப் போவதை எழுதலாமா என்று அந்தத் தோழியிடமே கேட்டோம். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. எப்போதும் இன்ஹேலர் கையில் வைத்திருப்பாள். படகுத்துறையில் நாங்கள்தான், "நனைஞ்சிடும், குடு" என்று அதை வாங்கி எங்கள் அருமையான மருந்துப் பையில் போட்டுக் கட்டினோம். ஆறு படகுகள், படகோட்டியைத் தவிர ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர். மருந்துப் பை இரண்டாவது படகில் ஏறியது. அவளும் நாங்களும் பி.டி. மிஸ்ஸும் நான்காவது படகில் ஏறினோம். அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அரை மணி நேரம் ஆனந்தமாகப் போயிற்று. மரங்கள் இரு புறமும் கவிந்து பந்தல் போட்டிருந்தன. படகோட்டி துடுப்பை எங்கள் கையிலும் கொடுத்தார். அவள் உற்சாகமாகத் துடுப்புப் போட்டாள். காலைக் குளிர் காற்று வேறு. திடீரென்று துடுப்பை வைத்துவிட்டுக் குனிந்தாள். மூச்சு விசில் அடிப்பதைப் போல் இழுத்தது. "எங்கே இன்ஹேலர்?" என்று மிஸ் கேட்டார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டாவது படகு எந்த ஓடைக்குள் திரும்பியது என்றே தெரியவில்லை.

படகோட்டி கையைக் குவித்துக் கூப்பிட்டார். குரல் மரங்களைத் தாண்டவில்லை, இலைகள் விழுங்கிவிட்டன. மிஸ் அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் மேல் பட்டையை மட்டும் சிறிது தளர்த்தினார்கள். முழுவதும் கழற்ற விடவில்லை. பிறகு தம் கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்கள். நிறுத்தி, மறுபடி மூன்று முறை. மும்முறை ஊதுவது உதவி வேண்டும் என்பதற்கு உலகெங்கும் உள்ள அடையாளம் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் பள்ளி மைதானத்தில் எத்தனை நாள் அந்த விசிலைக் கேட்டுச் சலித்திருப்போம்! தூரத்திலிருந்து பதில் குரல் வந்தது. இரண்டாவது படகு ஒரு வளைவில் தலை நீட்டியபோது பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். பையின் இரண்டு வாசல்களையும் பிரிக்கும்போது எங்கள் விரல்கள் நடுங்கின. எட்டு மடிப்பு.

மருந்து இழுத்ததும் சிறிது நேரத்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது. கரைக்குத் திரும்பிய பின் சிஸ்டர் எங்கள் இருவரையும் தனியே அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தோம்.

"பையைக் கட்டினது யாரு?"

"நாங்கதான், சிஸ்டர்."

"நல்லா கட்டியிருக்கீங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகல. அவ எங்கே இருந்தா, அவ மருந்து எங்கே இருந்துச்சு?"

எங்களிடம் பதில் இல்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று இரவு கடலூரிலேயே பட்டியலைத் திருத்தினோம். முன்பு பொருளை எப்படி நனையாமல் காப்பது என்று மட்டுமே யோசித்திருந்தோம். இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, இது எவ்வளவு நேரத்துக்குள் கைக்கு வர வேண்டும் என்று எழுதினோம். மாற்றுத் துணி மாலைக்குள் வந்தால் போதும். அது பெரிய பையில் எத்தனை மடிப்புக்குள்ளும் இருக்கட்டும். உணவு இரண்டு மணி நேரத்தில். தண்ணீர் கேட்டவுடன், ஆகவே பாட்டில் அவரவர் காலடியில். மூச்சுக்கான மருந்தோ, சர்க்கரை நோய் உள்ளவருக்கான இனிப்போ, வலிப்பு மாத்திரையோ உரியவளின் உடம்பிலேயே இருக்க வேண்டும். வாய் இறுக மூடும் சிறு உறையில் போட்டு, லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ளே, சட்டைப் பையில். அதைப் பற்றி அவள் பக்கத்தில் உட்காருபவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கழுத்தில் கயிறு போட்டு மாட்டுவதானால், வேகமாக இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய நூலாக இருக்க வேண்டும். கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கக் கூடாது அல்லவா?

முதலுதவிப் பொருள்களையும் ஒரே பையில் குவிக்காமல் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு படகிலும் கட்டுத்துணி, பஞ்சு, கிருமிநாசினி, ஒரு விசில். கைப்பேசி ஒன்றுக்கு இரண்டாக வெவ்வேறு படகுகளில். ஆம்புலன்ஸ் எண் 108 மனப்பாடமாக இருக்கட்டும். எந்தப் படகில் யார் யார் என்று பெயர் எழுதிய தாள் ஒன்று கரையில் நிற்பவரிடம் இருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்தத் தாளுக்கு எடையே இல்லை, பையில் இடமும் வேண்டாம். ஆனாலும் நாங்கள் சென்ற முறை அதை எழுதவில்லை.

மற்றச் சில்லறைப் பொருள்களைப் பற்றி: கொசுத் தைலம் நல்லது. புத்தகம் வேண்டாம், யாரும் படிக்கவில்லை. சீட்டுக்கட்டு கொண்டு வந்தவள் அதைப் பையிலிருந்து எடுக்கவே அஞ்சினாள். பறவை பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தால் படகுக்கு ஒன்றாகச் சுற்றி வரும். கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் நிறைய.

இந்தத் தை மாதம் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் போகிறார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாங்கள் போக முடியாது. ஆறு விசில்களும், வாளியில் சோதித்துப் பார்த்த சிறு உறைகள் பன்னிரண்டும் பி.டி. மிஸ்ஸின் அலமாரியில் மேல் தட்டில் இருக்கின்றன. உறைகளுக்குப் போட்டிருக்கும் நூல் தறியில் மிஞ்சிய பருத்தி நூல். இழுத்தால் அறுந்துவிடும், இழுத்துப் பார்த்துவிட்டோம். திருத்திய பட்டியல் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. அதன் முதல் வரியை எங்கள் தோழியே தன் கையால் எழுதினாள்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு